செயின் லாக் கிளிப் ஏன் தெறிக்கிறது?

கேள்வி: 150 சிசி பைக்கில் செயின் ஸ்ப்ராக்கெட் செட்டை வீட்டிலேயே மாற்றினேன். இரண்டே வாரத்தில் செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக்கின் கிளிப் எங்கோ விழுந்துவிட்டது. தகடு கழலாததால் தப்பித்தேன். லாக்கின் பின் முனையை விரித்து மூடும் ரிவெட் டூல் வாங்கித்தான் ஆக வேண்டுமா? என்னிடம் நோஸ் பிளேயரும் சுத்தியலும்தான் இருக்கின்றன.

பதில்: வேண்டாம். புது லாக் ஒன்று, சின்ன சி-கிளாம்ப் ஒன்று, இரண்டு நட்டு, இவை போதும். பழைய கிளிப்பையோ லாக்கையோ மறுபடி போடாதீர்கள். ஒருமுறை விரிந்த கிளிப்புக்குப் பிடிப்பு குறைந்துவிடும்.

வண்டியை இழுக்கும் விசை முழுவதையும் தாங்குவது லாக்கின் பின்களும் (குறுக்கே போகும் இரண்டு ஊசிகள்) அவற்றின் மேல் மாட்டும் தகடும்தான். தகடு வெளியே நகராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே கிளிப்பின் வேலை. தகடு அரைகுறையாக உட்கார்ந்தால் பின்னில் உள்ள காடி (கிளிப் உட்காரும் வெட்டு) முழுதாக வெளியே தெரியாது. கிளிப் காடிக்குள் இறங்காமல் அதன் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும். அது தெறிக்கச் சாலையில் ஒரு பள்ளம் போதும்.

முதலில் செயின் தகட்டில் பொறித்திருக்கும் அளவு எண்ணைப் பாருங்கள். 428H செயினுக்கு வெறும் 428 லாக் போட்டிருந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. H வகையின் தகடு தடிமன் அதிகம். சாதா லாக்கின் பின் அதற்கு எட்டாது. கடையில் ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்பார்கள், நம்ப வேண்டாம்.

இன்ஜினை அணைத்து, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். பின் ஆக்சிலைத் தளர்த்தி, செயினின் இரு முனைகளையும் பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்களில் அடுத்தடுத்து மாட்டினால் பல்லே பிடித்துக்கொள்ளும். லாக்கை டயர் பக்கமிருந்து வெளிப்பக்கமாக நுழையுங்கள். ஓ-ரிங் செயின் (இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ளது) என்றால் பின்னுக்கு இரண்டு வீதம் நான்கு ரிங்: செருகுமுன் இரண்டு, தகடு வைக்குமுன் இரண்டு, எல்லாவற்றிலும் கிரீஸ். சாதா செயினில் பெரும்பாலும் தகடு கையாலேயே இறங்கிவிடும். ஓ-ரிங் செயினில் இறங்காது, அழுத்த வேண்டும்.

சுத்தியலால் தட்டினால் லாக்கின் பின் வளையும். தகட்டைக் கையால் மாட்டிவிட்டு, லாக்கைக் கீழ்ப்பக்கச் செயினுக்குக் கொண்டுவந்து கிளாம்பைப் போடுங்கள். பின்களின் முனைகள் இடிக்காதபடி தகட்டின் மேல் நட்டு வையுங்கள்: 428 செயினுக்கு எம்6, 520 செயினுக்கு எம்8. இந்தப் பின் கால் சுற்று, அந்தப் பின் கால் சுற்று என்று மாறி மாறி இறுக்குங்கள். காடி முழுதாகத் தெரிந்ததும் நிறுத்துங்கள். வெர்னியர் (நுண் அளவுகோல்) இருந்தால் பக்கத்து இணைப்பின் அகலத்தோடு ஒப்பிடலாம். அளவுக்கு மீறி அழுத்தினால் ஓ-ரிங் நசுங்கும், அந்த இணைப்பு மட்டும் மடங்காமல் விறைத்து நிற்கும்.

கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்: மேல் ஓட்டத்தில் முன்புறம், கீழ் ஓட்டத்தில் பின்புறம். திருப்பிப் போட்டால் எதிரே இடிக்கும் கல்லே கிளிப்பைத் தள்ளிவிடும். முன்னால் உள்ள பின்னின் காடியில் கிளிப்பைப் படுக்க வைத்து, பிளேயரின் ஒரு வாயை மூடிய முனையிலும் மறு வாயைப் பின்னால் உள்ள பின்னிலும் வைத்து அழுத்துங்கள். ‘டக்’ என்று கேட்க வேண்டும். பிறகு ஸ்க்ரூடிரைவர் நுனியால் இலேசாகத் தள்ளிப் பாருங்கள், ஆடக் கூடாது.

கூடுதல் காப்பு வேண்டுமானால் கிளிப்பைத் துடைத்து அதன் மேல் ஒரு பொட்டு ஆர்டிவி சிலிகான் (ரப்பர் போல இறுகும் பசை) வைக்கலாம். ஓ-ரிங் செயினைத் துடைக்க மண்ணெண்ணெய்தான், பெட்ரோல் கூடாது. செயின் தளர்வை வண்டி கையேட்டில் சொன்ன அளவுக்கு வைத்து ஆக்சிலை இறுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, பிறகு செயின் துடைக்கும்போதெல்லாம் கிளிப்பைப் பாருங்கள்.

பெரிய வண்டிகளுக்கு வரும், கிளிப்புக்குப் பதில் பின் முனையை விரித்து மூடும் ரிவெட் லாக் வேறு கதை. அதைச் சுத்தியலால் விரித்தால் பின் முனை ஒரு பக்கமாகச் சாயும், விளிம்பில் வெடிப்பு விழும். அந்த ஒரு வேலையை மட்டும் டூல் உள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.