ரெண்டர் போட்டால் மட்டும் சிஸ்டம் அணைந்துவிடுகிறது, ஃபார்மட் அடித்தும் சரியாகவில்லை. என்ன செய்வது?

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3070 கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி), 3600 வேகத்தில் வைத்த நான்கு ரேம் ஸ்டிக். பிரவுசர், வேர்டு எல்லாம் நாள் முழுக்க ஓடுகிறது, வீடியோ எடிட் செய்யும் டாவின்ச்சியில் எக்ஸ்போர்ட், அதாவது ரெண்டர், கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் படக்கென்று அணைந்து தானாகவே மறுபடி ஆன் ஆகிறது. கடையில் இரண்டு தடவை ஃபார்மட் அடித்துக் காசு வாங்கிவிட்டார்கள். மூன்றாவது தடவைக்குக் கொடுக்காதீர்கள்.

முதலில் அது எப்படிச் சாகிறது என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. விண்டோஸில் ப்ளூ ஸ்கிரீன் வந்தவுடனே தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி ஒரு டிக் போட்டு வைத்திருப்பார்கள், அதனால் நீங்கள் டீ குடித்துவிட்டு வந்து பார்க்கும்போது எல்லாமே "அணைந்து ஆன் ஆனது" போலத்தான் தெரியும். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்று போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அப்புறம் மறுபடி ரெண்டர் போட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். நீலத் திரை வந்து நின்றால் அதில் இருக்கும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். திரை மட்டும் கறுத்து, ஃபேன் இரைய, பாட்டு தொடர்ந்து ஓடினால் சந்தேகம் கிராஃபிக்ஸ் கார்டு மேல். ஃபேன், லைட் உட்பட எல்லாம் ஒரே நொடியில் போனால் கரண்ட் பக்கம் பாருங்கள்.

விண்டோஸ் தன் பதிவுகளை வைத்திருக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று சிவப்பாக ஒன்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "பவர் சப்ளை போச்சு" என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். கடைசித் தடவை சிஸ்டம் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை, அவ்வளவுதான் அதன் அர்த்தம். சுவிட்சை நீங்களே அணைத்தாலும் அதே 41 வரும். அதற்குள் டீடெய்ல்ஸில் பக்செக்கோட் என்று ஒரு வரி இருக்கிறது, அதைப் பாருங்கள். அது 0 என்றால் விண்டோஸுக்கு எதையும் எழுதி வைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. வேறு எண் இருந்தால் அது ப்ளூ ஸ்கிரீன், கதையே வேறு. கூடவே ஹார்டுவேர் கோளாறைக் குறிக்கும் டபிள்யூஎச்இஏ-லாகர் 18 என்ற பதிவு இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஏபிக் ஐடி (எந்தக் கோர் என்று காட்டும் எண்) வந்தால் பிராசஸரின் அந்த ஒரு கோர்தான் படுத்துகிறது, வாரன்டிக்கு அதை ஆதாரமாகக் காட்டலாம்.

எக்ஸ்போர்ட் நடக்கும்போது பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டுமே ஒன்றாக உழைக்கின்றன. அதனால் பிரித்துப் பாருங்கள். ப்ரைம்95 போட்டு பிராசஸரை மட்டும் அரை மணி நேரம் வாட்டுங்கள், பிறகு ஃபர்மார்க்கில் கார்டை மட்டும். தனித்தனியாகத் தாங்கி, சேர்த்து ஓட்டும்போது மட்டும் விழுந்தால் எஸ்எம்பிஎஸ்தான் முதல் குற்றவாளி. உங்கள் பிராசஸர் 142 வாட் வரை இழுக்கும், கார்டு 220 வாட். கூட்டினால் 362, மற்றதெல்லாம் சேர்த்தாலும் 550-க்குள்தானே என்று தோன்றும். ஆனால் 220 என்பது சராசரிக் கணக்கு. நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கு கார்டு அதைவிட மிக அதிகமாக இழுக்கும். அந்தத் துள்ளலை ஓவர்லோடு என்று எடுத்துக்கொண்டு எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புக்காக அணைந்துவிடும். 3070-க்கு என்விடியாவே 650 வாட் வைக்கச் சொல்கிறது. காசு செலவழிக்காமல் உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது: ஆஃப்டர்பர்னர் என்ற புரோகிராமில் கார்டின் பவர் லிமிட்டை 65 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு அதே ப்ராஜெக்ட்டை ரெண்டர் போடுங்கள். தாங்கினால் திசை தெரிந்துவிட்டது. கார்டுக்கு இரண்டு 8 பின் இருந்தால், இரட்டைத் தலை உள்ள ஒரே கேபிளை மாட்டாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் போடுங்கள், சில நேரம் அதிலேயே தீர்ந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திட்டுவதற்கு முன் மேசைக்கு அடியிலும் குனிந்து பாருங்கள். நம் வீடுகளில் பாதிப் பேர் 600 விஏ யூபிஎஸ்ஸில்தான் சிஸ்டத்தை மாட்டியிருக்கிறோம். அது தரக்கூடியது ஏறக்குறைய 360 வாட். நம் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது யூபிஎஸ் டக் என்று பேட்டரிக்கு மாறும், நீங்கள் அப்போது ரெண்டரில் இருந்தால் ஒரு பீப்கூட முழுசாக அடிக்காமல் படுத்துவிடும். சாதாரண வேலையில் 100 வாட்டுக்குச் சற்று மேலேதான் போகும் என்பதால் தாங்கிக்கொள்ளும், சந்தேகமே வராது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ப்ளக் ஆடுகிறதா, பின் நுழையும் ஓட்டையைச் சுற்றி பழுப்பு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு தடவை நேராகச் சுவர் ப்ளக் பாயின்ட்டில் மாட்டி ரெண்டர் போட்டுப் பார்த்தால் இந்தச் சந்தேகம் அங்கேயே முடிந்துவிடும்.

ரேம். நான்கு ஸ்டிக் போட்டு எக்ஸ்எம்பியில் (ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) 3600 வைப்பது மெமரி கன்ட்ரோலருக்குச் சுமைதான். பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஒரு நாள் வேலை செய்யுங்கள், இரவு தூங்கப் போகும்போது ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது ஃபெயில்தான், "ஒண்ணுதானே" என்று விடாதீர்கள். ஆனால் ரேம் கோளாறு பெரும்பாலும் ப்ளூ ஸ்கிரீனாகவோ புரோகிராம் மூடிக்கொள்வதாகவோ வெளிப்படும், உங்கள் அறிகுறிக்கு நான் இதை இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

சூட்டைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்வார்கள், நான் கடைசியில் சொல்கிறேன். 5800எக்ஸ் 90 டிகிரி வரை போவது அதன் இயல்பு, அதைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே தவிர உடனே அணையாது. கூலர் கழன்றோ ஃபேன் நின்றோ போனால்தான் சூட்டால் அணையும். சந்தேகம் இருந்தால் சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் லாகிங் போட்டுவிட்டு, விழுந்த பிறகு அந்த ஃபைலின் கடைசி வரிகளைப் பாருங்கள். அங்கே 75 டிகிரி என்று இருந்தால் தெர்மல் பேஸ்ட் வாங்கக் கிளம்ப வேண்டாம்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 இருந்தால் முதல் வேலையாக பயாஸை அப்டேட் செய்யுங்கள். அதிக வோல்டேஜால் பிராசஸரே நிரந்தரமாகத் தேயும் பிரச்சினை அதில் இருந்தது, 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் மைக்ரோகோட் (பயாஸ் அப்டேட்டோடு வரும் பிராசஸரின் உள் புரோகிராம்) திருத்தம் விட்டது, வாரன்டியையும் 2 ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே தேய்ந்துபோனதை அப்டேட் சரி செய்யாது, மாற்றித்தான் வாங்க வேண்டும்.

கடைசியில் எஸ்எம்பிஎஸ் மாற்றுவதாக முடிவானால் நல்ல 750 வாட்டாகப் போடுங்கள். பழையதன் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள்கள் கேபினெட்டுக்குள் அழகாகக் கட்டியிருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டுப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் சொருகாதீர்கள். பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஹார்டு டிஸ்க் புகைந்துவிடும்.