பாட்டன் காட்டிய வழி போதாதா?

கேள்வி: நாங்கள் நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். லெந்து கால (ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள்) உபவாசம், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு), பண்டிகை ஆராதனை என்று எல்லாவற்றையும் பெரியவர்கள் செய்தபடியே குறைவில்லாமல் செய்துவருகிறோம். உங்கள் இதழோ எப்போது பார்த்தாலும் பாரம்பரியத்தைக் குறை சொல்கிறது. அதை வாசித்துவிட்டு என் மகன் ஒவ்வொன்றுக்கும், "இது வேதத்தில் எங்கே இருக்கு?" என்று கேட்கிறான். முன்னோர் வழியில் நடப்பது தவறா?

பதில்: தவறு என்று எங்கேயும் எழுதவில்லையே ஐயா. அது மட்டும் போதும் என்று உட்கார்ந்துவிடுவதைத்தான் குறை சொல்கிறேன்.

நான்கு தலைமுறை என்கிறீர்கள், சரி. அந்த முதல் தலைமுறைக்காரரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவருக்கும் ஒரு பாட்டன் இருந்தார், அந்தப் பாட்டன் காட்டிய வழியும் இருந்தது. 'இதுவே போதும்' என்று அவரும் இருந்திருந்தால் நீங்கள் இன்று இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். யார் யாரிடம் என்னென்ன பேச்சு வாங்கினாரோ, விசாரித்து, யோசித்து, தானே முடிவெடுத்து வந்த மனிதர் அவர். அவர் விட்டுப்போன வழக்கங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டீர்கள், அவரைப்போலவே உங்கள் மகன் விசாரித்தால் மட்டும் கோபம் வருகிறது.

மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் நினைவிருக்கிறதா? கர்த்தரே செய்யச் சொன்னது, பாம்பு கடித்தவர்களில் அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள் (எண்ணாகமம் 21). பல நூறு ஆண்டுகள் கழித்து ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டிக்கொண்டிருந்தார்கள், எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18). மோசே கையால் செய்தது, அதைவிடப் பழமையும் பெருமையும் உள்ள பொருள் உங்கள் சபையில் இருக்கிறதா? வேதம் எசேக்கியாவைக் குறை சொல்லவில்லை, புகழ்கிறது.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தையும் நிதானமாக ஒருமுறை வாசியுங்கள். பெற்றோருக்கு உதவ வேண்டிய ஒருவன், 'உங்களுக்குத் தரவேண்டியது கொர்பான், தேவனுக்கென்று நேர்ந்தாகிவிட்டது' என்று சொல்லிவிட்டால், அதன்பின் அவன் அப்பா அம்மாவுக்கு எதுவும் செய்ய அன்றைய மதத்தலைவர்கள் விடமாட்டார்கள். பக்தியின் பேரிலேயே 'தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு' என்ற ஐந்தாம் கற்பனையை மீறலாம்! இயேசு கடிந்துகொண்டது அதைத்தான். பழையது என்பதற்காக அல்ல, தேவன் கேட்டதைச் செய்யாமல் தப்பித்துக்கொள்ள அது வழிசெய்தது என்பதற்காக. நீங்களும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். நாற்பது நாள் உபவாசத்தை ஒருநாள்கூட விடாமல் இருந்தேன் என்பவர், சொத்துத் தகராறில் அண்ணனோடு பேச்சை நிறுத்திப் பல வருஷமாகியும் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை என்றால், அந்த உபவாசம் அவருக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது? காணிக்கையைப் பலிபீடத்தின் முன் அப்படியே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்றல்லவா மத்தேயு 5 சொல்கிறது.

அதற்காக முன்னோர் சொன்னதையெல்லாம் தூக்கிப்போடச் சொல்லவில்லை. திராட்சரசம் குடிக்காதே என்ற தகப்பன் யோனதாபின் சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த ரேகாபியர் என்ற குடும்பத்தாரைக் கர்த்தரே மெச்சினார் (எரேமியா 35). இன்னொன்று, 'எங்களுக்குப் பாரம்பரியமே கிடையாது' என்று சொல்லிக்கொள்ளும் புதிய சபைகளில் ஒரு மாதம் உட்கார்ந்து பாருங்கள். அதே வரிசையில் பாட்டு, அதே இடத்தில் அல்லேலூயா, அதே பாணியில் ஜெபம். அதை மாற்றச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும்!

வழக்கங்களில் குறைவே வைக்காத ஒருவரைச் சொல்கிறேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அப்பாவும் இங்கிலாந்துத் திருச்சபைக் குருவானவர், வெஸ்லியும் குருவானவர். உபவாசம், ஜெபம், சிறைச்சாலை ஊழியம் எதிலும் குறைவில்லை, அமெரிக்காவுக்கு மிஷனெரியாகவும் போய்வந்தார். அந்த மனிதர்தான், மற்றவர்களை மனந்திருப்பப் போனேனே, என்னை யார் மனந்திருப்புவது என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல்தான் போனார். அங்கே ரோமர் நிருபத்துக்குச் சபைச் சீர்திருத்தக்காரர் லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார்கள், கிறிஸ்து என் பாவங்களை, என்னுடையதையே நீக்கினார் என்ற நிச்சயம் அன்றைக்குத்தான் வந்தது என்கிறார். அதற்காகத் தன் சபையை விட்டுவிடவில்லை, 1791-இல் சாகும்வரை அதிலேயே இருந்தார்.

இனி உங்கள் மகன் விஷயம். இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையைக் கட்டளையிட்டபோதே, "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது இப்படிச் சொல்லுங்கள் என்று பதிலும் சேர்த்தே கொடுக்கப்பட்டது (யாத்திராகமம் 12). பிள்ளை கேட்பான் என்று தெரிந்தே ஏற்படுத்திய வழக்கம் அது. ஆகவே அவன் கெட்டுப்போகவில்லை, எங்கள்மேல் பழி போட வேண்டாம். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை இரண்டு பேருமாக வேதத்தைத் திறந்து தேடுங்கள். தேடியும் கிடைக்காத வழக்கங்களை என்ன செய்வது என்று அதற்குப் பிறகு எழுதுங்கள், பேசுவோம்.