பையன் சிரிப்புக் கதை எழுதப் போகிறேன் என்கிறான், என்ன செய்வது?

வணக்கம் சார். பிளஸ் ஒன் படிக்கும் மகன் நாவலாசிரியன் ஆகப் போவதாகச் சொல்கிறான், அதுவும் தன் வயதுப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு நாவல் எழுதுவானாம் என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். பொழுதை எப்படி வீணாக்குகிறான் பாருங்கள் என்று இயற்பியல் நோட்டின் பின்பக்கங்களைப் படமெடுத்து வேறு அனுப்பியிருக்கிறீர்கள்.

படித்தேன். கதையில் ஒரு பையன் பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு அப்பாவாக நடிக்க அடுக்குமாடி வாட்ச்மேனைக் கூட்டிப் போகிறான். பேசாமல் தலையாட்டிவிட்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. அவரோ நாற்காலியில் உட்கார்ந்ததும் நிஜ அப்பாவாகவே மாறி, "வீட்டுப்பாடம் பத்தலை மிஸ், இன்னும் கொடுங்க" என்றுவிடுகிறார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆதாரமாக நீங்கள் அனுப்பியது உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

அதற்காக நாளையே படிப்பை விட்டு எழுதச் சொல்லவில்லை. பயத்தை மட்டும் சரியான இடத்தில் வைத்துக்கொள்வோம்.

நம் ஊரில் பி.டி. பீரியடைக் கணக்கு சார் பறித்துக்கொள்வார். கனடாவில் ஒரு பள்ளியில் தலைகீழாக நடந்தது: ஏழாம் வகுப்பின் ஆங்கிலப் பாடம் தடகளப் பயிற்சியாளர் தலையில் விழுந்தது. என்ன நடத்துவதென்று தெரியாமல், பிடித்ததை எழுதுங்கள் என்று மாதக்கணக்கில் பிள்ளைகளை விட்டுவிட்டார். அந்த வகுப்பில் கோர்டன் கோர்மன் என்ற மாணவர் எழுதியதுதான் அவருடைய முதல் நாவல். வகுப்பில் ஸ்காலஸ்டிக் பதிப்பகத்துப் புத்தக ஆர்டர்களைச் சேகரிக்கும் பொறுப்பு அவருக்கு இருந்ததால், அந்த முகவரிக்கே கையெழுத்துப் பிரதியை அனுப்பினார். 1978-இல் அது புத்தகமானபோது அவருக்கு வயது 14. இன்று நூறு புத்தகங்களுக்கு மேல் எழுதிவிட்டார். எழுத வந்துவிட்டோமே என்று அவர் கல்லூரியையும் விடவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்தார்.

இதை மகனிடம் சொல்லுங்கள், குஷியாகிவிடுவான். ஆனால் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவர் அமெரிக்க எழுத்தாளர் லூயி சாக்கர். பெர்க்லியில் கல்லூரி மாணவராக இருந்தபோது ஒரு தொடக்கப் பள்ளியில் உதவியாளராகப் போனார். மதிய இடைவேளையில் பிள்ளைகளை மேய்க்கும் வேலையும் சேர்ந்தது. அந்த வாண்டுகள்தான் அவருடைய முதல் புத்தகம். அதுவும் 1978-இல்தான் வந்தது. ஆனால் அதற்குள் அவர் சட்டக் கல்லூரியில் சேர்ந்திருந்தார். 1980-இல் பட்டம் வாங்கி, பகுதிநேர வழக்கறிஞராக இருந்துகொண்டே எழுதினார். எழுத்து வருமானமே போதும் என்று அந்த வேலையை விட்டது 1989-இல். முதல் புத்தகத்துக்கும் முழுநேர எழுத்துக்கும் நடுவே 11 வருடம்! அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்த 'ஹோல்ஸ்' நாவல் வந்ததோ 1998-இல்.

நம் நகைச்சுவை எழுத்தாளர் தேவனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனந்த விகடனில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் அத்தனை பேரைச் சிரிக்க வைத்தார்.

ஆகவே "எந்த டிகிரி படித்தால் நாவலாசிரியன் ஆகலாம்" என்பது தவறான கேள்வி. அப்படி ஒரு டிகிரி தேவையே இல்லை. எந்த வேலை பார்த்தால் தினம் ஒரு மணி நேரம் மிஞ்சும், எந்த வேலையில் பதின்வயதுப் பிள்ளைகளின் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும் என்று கேளுங்கள். இந்த இரண்டாவது விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. அவனுக்கு 40 வயதாகும், வாசகனுக்கு எப்போதும் 14தான். இன்று "கெத்து" என்று எழுதினால் சிரிப்பு வரலாம், பத்து வருடத்தில் அதே சொல் மாமா பேசுவதுபோல் இருக்கும். வாட்ச்மேன் அப்பாவாகும் சங்கடம் மட்டும் பழசாகாது. ஆசிரியர் வேலை, நூலகம், விளம்பரத்துக்கு வாசகம் எழுதும் வேலை எல்லாமே இதற்கு ஒத்துவரும். இன்ஜினியரிங்தான் என்றாலும் பரவாயில்லை, கல்லூரி ஹாஸ்டலைவிட நல்ல கதைக்கிடங்கு ஏது? இரவு ஷிஃப்ட் வேலைக்கு மட்டும் நான் யோசிப்பேன்.

பணம்? தமிழில் ராயல்டி என்றால் விலையில் 10 சதவீதம் என்பதுதான் பெரும்பாலும் பேச்சு. 200 ரூபாய்ப் புத்தகம் ஆயிரம் பிரதி விற்றால் 20,000 ரூபாய். ஆயிரம் விற்பதே பெரிய காரியம். சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதும் 35 வயதுக்குட்பட்டவர்களுக்கான யுவ விருதும் தலா 50,000 ரூபாய். கௌரவம்தான், குடும்பம் நடத்தப் போதாது.

ஒரு எச்சரிக்கை. பணம் கட்டினால் புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று யாராவது வந்தால் நகர்ந்துவிடுங்கள். என்னிடம் வந்த ஒரு மாணவியின் வீட்டில், அப்படி அச்சிட்ட புத்தகங்கள் இன்னும் கட்டிலுக்கடியில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. நல்ல பதிப்பகமே கேட்டு வந்தாலும், 18 வயது ஆகும்வரை அவன் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. காப்பாளராக நீங்கள்தான் கையெழுத்திட வேண்டும். "பதிப்புரிமை முழுவதும் எங்களுக்கே" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் அந்த உரிமை ஆசிரியர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும் சொத்து, அதை இத்தனை வருடத்துக்கு மட்டும் என்று கணக்கு போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இப்போதைக்கு ஒரு சோதனை போதும். பரீட்சை முடிந்த கோடை விடுமுறையில் ஒரு கதையை முடிக்கச் சொல்லுங்கள். ஆரம்பிப்பவர்கள் ஏராளம், முடிப்பவர்கள் கொஞ்சம். முடித்ததும் தெருவில் உள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருக்கு அவனே வாசித்துக் காட்டட்டும். எங்கே சிரிக்கவில்லை என்று பென்சிலால் குறித்துக்கொண்டு அந்த இடங்களைத் திருத்தட்டும். திருத்தும்போது முனகாமல் உட்கார்ந்தானென்றால் இந்த வேலைக்கு அவன் சரிப்பட்டு வருவான். நீங்கள் அங்கே இருக்க வேண்டாம், அப்பா உட்கார்ந்திருந்தால் ஒரு பிள்ளையும் சிரிக்காது.

அப்புறம் சார், நீங்கள் அனுப்பிய கடைசிப் படத்தில், "நாளைக்கு ரெண்டு பேரும் பிரின்சிபாலைப் பாருங்க" என்று மிஸ் சொன்னதோடு பக்கம் முடிந்துவிட்டது. அடுத்த பக்கம் இருந்தால் அனுப்பி வையுங்கள்.