ஆறாம் மாதத்தில் ஆறு கிலோ: இரவுச் சாப்பாட்டை நிறுத்தலாமா?

காரைக்குடியிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். இது அவருக்குத் தலைப்பிரசவம். இப்போது 24 வாரம் முடிந்திருக்கிறது. உயரம் 158 சென்டிமீட்டர். கருத்தரிப்பதற்கு முன் 70 கிலோவாக இருந்த எடை, மசக்கை காரணமாக முதல் மூன்று மாதமும் அப்படியே நின்று, இப்போது 76 கிலோவாகியிருக்கிறது. ஹீமோகுளோபின் 10.2. நான்காம் மாதம் பிறந்தகம் வந்ததிலிருந்து, காலையில் வெள்ளைப் பணியாரமும், மாலை இடைப்பலகாரத்துக்குக் கந்தரப்பம் என்னும் இனிப்புப் பணியாரமோ கவுனி அரிசியோ என்று ஆயா (பாட்டி) பார்த்துப் பார்த்துச் செய்து தருகிறார். "இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்" என்கிறார் ஆயா. "எடை அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் மருத்துவர். இருவருக்கும் நடுவில், கடந்த வாரத்திலிருந்து இவர் இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். இது சரியா, பலகாரங்களை அடியோடு விட்டுவிட வேண்டுமா, ஈரலும் மீனும் சாப்பிடலாமா, காலைக் காப்பியோடு இரும்புச்சத்து மாத்திரை போடுவதால் ஏதும் தவறுண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில், இன்றிரவே சாப்பிடத் தொடங்குங்கள். கர்ப்ப காலத்தில் உடல் பட்டினிக்கு மிக விரைவாக மாறிக்கொள்ளும். மற்றவர்களுக்கு நீண்ட நேர உண்ணாமைக்குப் பிறகே நிகழும் மாற்றம், கர்ப்பிணிக்கு ஓரிரவுப் பட்டினியிலேயே தொடங்கிவிடும்: சர்க்கரை குறைந்து, உடல் கொழுப்பை எரித்து, கீட்டோன் என்னும் பொருள்கள் இரத்தத்தில் சேரும். மாலை ஐந்து மணிக்குச் சாப்பிட்ட கந்தரப்பத்தோடு மறுநாள் காலை எட்டு மணிவரை இருப்பது பதினைந்து மணி நேர உண்ணாமை. அது எடையையும் கட்டுப்படுத்தாது. காலையில் பசி மிகுந்து பணியாரத்தின் எண்ணிக்கைதான் கூடும்.

இனி, உங்கள் எடையின் கணக்குக்கு வருவோம். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண். கருத்தரிப்பதற்கு முந்தைய உங்கள் எடைக்கு அது 28. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009-இல் வெளியிட்ட வரம்புகளையே பெரும்பாலான மருத்துவர்கள் கையாள்கிறார்கள். அதன்படி, குறியீட்டெண் 18.5-க்குக் கீழே உள்ளவர்கள் பிரசவத்துக்குள் 12.5 முதல் 18 கிலோ வரையும், 18.5 முதல் 24.9 வரை உள்ளவர்கள் 11.5 முதல் 16 கிலோ வரையும், 25 முதல் 29.9 வரை உள்ளவர்கள் 7 முதல் 11.5 கிலோ வரையும், 30-ஐத் தாண்டியவர்கள் 5 முதல் 9 கிலோ வரையும் கூடலாம். நீங்கள் மூன்றாவது பிரிவில் வருகிறீர்கள். இந்தியர்களுக்கு 23-லிருந்தே அதிக எடை என்றும், 25-லிருந்து உடற்பருமன் என்றும் கொள்ளும் கடுமையான அளவுகோலும் உண்டு என்பதால், உங்கள் மருத்துவர் இந்த வரம்பின் கீழ்ப்பகுதியை மனத்தில் வைத்திருக்கலாம்.

ஆறு கிலோ என்ற எண் உங்களை அச்சுறுத்த வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அது கூடிய வேகத்தைத்தான். உங்கள் பிரிவினருக்கு நான்காம் மாதத்திலிருந்து வாரத்துக்குச் சுமார் 280 கிராம் கூடினால் போதும். முதல் மூன்று மாதத்தில் உங்களுக்கு எடை கூடாததால், இந்த ஆறு கிலோவும் ஏறத்தாழ பதினொரு வாரத்தில் சேர்ந்தவை; அதாவது வாரத்துக்கு அரை கிலோவுக்கும் மேல். இதே வேகத்தில் போனால், மீதமுள்ள 16 வாரத்தில் இன்னும் எட்டு ஒன்பது கிலோ சேர்ந்து, மொத்தம் 15 கிலோவை நெருங்கிவிடும். இன்றிலிருந்து 280 கிராம் வேகத்துக்கு வந்துவிட்டாலோ, இன்னும் நாலரைக் கிலோதான் கூடும். மொத்தம் பத்தரை கிலோவில், வரம்புக்குள்ளேயே நின்றுவிடும். ஆகவே, உங்கள் எடை ஒரு கிலோகூடக் குறையத் தேவையில்லை. ஏறும் வேகத்தைப் பாதியாக்கினால் போதும். "குறைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடும், மருத்துவர்களாகிய எங்கள் வழக்கத்தால்தான், இதைக் கேட்ட பெண்கள் பட்டினியில் போய் நிற்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கூடும் எடை எல்லாமே கொழுப்பும் அல்ல. நிறைமாதத்தில் குழந்தை சுமார் மூன்று கிலோ. நஞ்சுக்கொடி, பனிக்குடநீர், பெரிதான கருப்பை, கூடுதலாக ஊறிய இரத்தம், மார்பக வளர்ச்சி, உடலில் தங்கும் நீர் ஆகியவை சேர்ந்து மேலும் ஐந்து, ஆறு கிலோ. எடை தேவையளவு கூடாதபோது குழந்தை சிறுத்துப் பிறப்பதற்கும், குறைமாதப் பிரசவத்துக்கும் வாய்ப்பு உண்டு. அளவுக்கு மீறிக் கூடினால், கர்ப்பகாலச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, குழந்தை அளவுக்கு மீறிப் பெருப்பது, அறுவைப் பிரசவம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு ஏறும். இதைப் படிக்கும் எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதற்காகச் சொல்கிறேன்: 150 சென்டிமீட்டர் உயரமும் 40 கிலோ எடையும் கொண்டவர், இந்தக் கட்டுரையைப் பார்த்துப் பலகாரத்தை ஒதுக்கினால் அது பெரும் பிழை, அவருக்கு ஆயாவின் கைதான் மருந்து.

"இரண்டு உயிருக்கு" என்ற சொல் அக்கறையில் பிறந்தது, அளவில்தான் பொருந்தவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் தந்த பரிந்துரையின்படி, கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 350 கலோரிதான். ஒரு தம்ளர் பால், ஒரு வேகவைத்த முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை: இவ்வளவிலேயே அந்த 350 ஏறத்தாழ வந்துவிடும். எண்ணெயில் பொரித்தெடுத்த நாலைந்து பணியாரத்தைத் தேங்காய்ச் சட்னியோடு சாப்பிட்டாலும் அதே அளவை எளிதில் எட்டிவிடலாம். ஆனால் முன்னதில் கிடைக்கும் புரதம் பின்னதில் கிடைக்காது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரிக்கு மேல் இருக்கிறது. புரதத் தேவையோ, நடு மூன்று மாதத்தில் நாளுக்கு ஒன்பதரை கிராமும், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராமும் கூடுகிறது. குழந்தையின் பங்கு என்று ஆயா தனியாக எடுத்து வைப்பதானால், அது அரிசியிலும் எண்ணெயிலும் அல்லாமல் பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் கறியிலும் இருக்கட்டும்.

செட்டிநாட்டுச் சமையல் கர்ப்பிணிக்கு ஆகாது என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. காரம் நெஞ்செரிச்சலைத் தரலாமே தவிர, குழந்தைக்குத் தீங்கு செய்யாது; கல்பாசி, அன்னாசிப்பூ போன்றவை குழம்புக்குப் போடும் அளவில் கவலைக்குரியவை அல்ல. உளுந்தும் பாசிப்பருப்பும் அரிசியும் வறுத்தரைத்த மாவில் செய்யும் கும்மாயம் நல்ல உணவு. நெய்யையும் கருப்பட்டியையும் பாதியாகக் குறைத்து, ஓர் எலுமிச்சங்காய் அளவு உருண்டையாகச் சாப்பிடலாம். குழிப்பணியாரம், இடியாப்பம், இட்லி எதற்கும் தடையில்லை. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி மட்டும் என்றில்லாமல் பாசிப்பருப்புச் சாம்பாரும், பக்கத்தில் ஒரு முட்டையும் இருந்தால் அதே இட்லி வேறு உணவாகிவிடும். மதியம் சோற்றைக் குறைத்து, கூட்டையும் பொரியலையும் கீரையையும் சோற்றின் அளவுக்குச் சமமாக வையுங்கள். நாட்டுக்கோழியும் ஆட்டுக்கறியும் நன்கு வேக வேண்டும். வறுவலைவிடக் குழம்பு நல்லது. ஆஃப்பாயில் வேண்டாம்.

இரண்டு நம்பிக்கைகளை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கவுனி அரிசி கறுப்பு என்பதால் சர்க்கரையைக் கூட்டாது என்று பலர் எண்ணுகிறார்கள். தவிட்டில் நல்ல நிறமிகளும் நாரும் இருப்பது உண்மை. ஆனால் அது ஒட்டும் தன்மையுள்ள அரிசி, அத்தகைய மாவுச்சத்து எளிதில் செரித்துவிடும். அதோடு நாம் அதைச் சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் சேர்த்து இனிப்பாகத்தான் சாப்பிடுகிறோம். கருப்பட்டியும் அவ்வாறே: வெள்ளைச் சர்க்கரையைவிடச் சிறிது தாதுச்சத்து கூடுதலாக இருக்கலாம், இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் பெரிய வேறுபாடு இல்லை.

நேரமும் முக்கியம். கர்ப்ப காலத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை காலை வேளையில்தான் மிகுதி. விருந்து வீடுகளில் காலைப்பலகாரத்தை இனிப்போடு தொடங்கும் நம் வழக்கம், ஆறாம் மாதத்து உடலுக்கு மிகவும் பாதகமான நேரத்தில் அமைந்துவிடுகிறது. கந்தரப்பம் சாப்பிட ஆசையாக இருந்தால், வாரத்தில் ஓரிரு நாள், மதியம் பருப்பும் காய்கறியுமாகச் சாப்பிட்டு முடித்தபின் ஒன்று சாப்பிடுங்கள். மாலையில் இடைப்பலகாரத்துக்குச் சுண்டல், மோர், கொய்யா போதும். இரவு ஏழரை மணிக்குள் இரண்டு தோசையோ இடியாப்பமோ, பருப்பு அல்லது முட்டைக் குழம்போடு. படுக்கப் போகும் முன் ஒரு தம்ளர் சர்க்கரையில்லாப் பால்.

இவற்றையெல்லாம்விட அவசரமான ஒன்று, நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாத சர்க்கரைப் பரிசோதனை. அதை 24-ஆம் வாரத்துக்கும் 28-ஆம் வாரத்துக்கும் இடையில் செய்துகொள்ள வேண்டும். முதல் மாதங்களில் ஒருமுறை செய்து சரியாக இருந்திருந்தாலும் மறுபடி செய்தே ஆக வேண்டும். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் நடைமுறையில் இருப்பது, சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னெடுத்த எளிய முறை: சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. அப்படி வந்தால் மேலே சொன்ன உணவு முறையே முதல் சிகிச்சை. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழும் சர்க்கரை நிற்க வேண்டும் என்பது இலக்கு. உணவாலும் நடையாலும் அது கைகூடாவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தேவைப்படும். அதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார்.

மாத்திரையைக் காப்பியோடு போடுவதை உடனே நிறுத்துங்கள். காப்பி, தேநீரில் உள்ள பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. 11-க்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் இரத்தசோகை என்பதால் உங்கள் 10.2 அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. இரும்பு மாத்திரையைக் காப்பிக்கு ஒரு மணி நேரமாவது முன்னும் பின்னும் தள்ளி, எலுமிச்சைச் சாறோடு அல்லது ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு போடலாம். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காமல் வேறு வேளையில், சாப்பாட்டோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், அஞ்ச வேண்டாம். காப்பியை நாளுக்கு இரண்டு சிறிய தம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரத்தம் ஊற வேண்டும் என்று நம் பக்கத்தில் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) வாங்கித் தருவது வழக்கம். இரண்டிலும் இரும்புச்சத்து மிகுதி. ஆனால் ஈரலில் வைட்டமின் 'ஏ' அளவுக்கு மீறி இருக்கிறது. நூறு கிராமிலேயே ஒரு நாளுக்கான மேல்வரம்பைத் தாண்டிவிடும், அது குழந்தையைப் பாதிக்கக்கூடும். எனவே கர்ப்பம் முழுவதும் ஈரலைத் தவிர்த்துவிட்டு, நன்கு வேகவைத்த சுவரொட்டியை வாரம் ஒருமுறை சாப்பிடலாம். மீனைப் பொறுத்தவரை, தொண்டிப் பக்கமிருந்து வரும் நெத்திலியும் சாளையும் போன்ற சிறு மீன்கள் வாரம் இரண்டு முறை தாராளமாகச் சாப்பிடத் தக்கவை. சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும், கர்ப்பத்தில் கூடாது. பிள்ளை பெற்றபின் பால் ஊறச் சுறாப்புட்டுச் செய்து தருவார்கள் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன், தாய்ப்பால் கொடுக்கும்போதும் அதற்குப் பதில் சிறு மீனே மேல்.

சாப்பிட்டபின் பதினைந்து, இருபது நிமிடம் நடப்பது சர்க்கரையைக் குறைப்பதில் நன்கு உதவும். வெயிலில் தெருவுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் வீடு பழைய கட்டு வீடாக இருந்தால் முகப்பிலிருந்து வளவை (நடுமுற்றத்தை) சுற்றிக் கடைசிக் கட்டுவரை நடந்து திரும்பினாலே தேவையான நடை கிடைத்துவிடும். கல் தளத்தில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உதிரப்போக்கு, நஞ்சுக்கொடி கீழிறங்கியிருத்தல், குறைமாத வலி போன்ற காரணத்துக்காக ஓய்வில் இருக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் கழிவறை சென்றுவந்தபின், உண்பதற்கு முன் பார்த்துக் குறித்து வையுங்கள். தினமும் பார்த்தால் நீரின் ஏற்ற இறக்கம் வீண் கவலையைத்தான் தரும். ஒரு வாரத்தில் 100 கிராமும் அடுத்த வாரத்தில் 400 கிராமும் கூடினால் அதில் தவறில்லை. ஆனால் ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் கைவிரல்களும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ சேர்ந்து வந்தால், அது பலகாரத்தால் வந்த எடையாக இராது. இரத்தக் கொதிப்பால் உடலில் தேங்கிய நீராக இருக்கலாம். அப்போது அடுத்த செக்கப் தேதிவரை காத்திராமல், இரவானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.