மாட்டுக்கு ஊசி, பாறு கழுகுக்கு நஞ்சு

கேள்வி: மசினகுடிப் பக்கம் மாடு வளர்க்கிறோம். காய்ச்சல், மடிவீக்கத்துக்குப் போடும் வலி ஊசியால் பாறு கழுகுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) சாகின்றன என்கிறார்களே, எப்படி?

பதில்: ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு இறந்தால் மருந்து ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து கலந்த அந்த இறைச்சியைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் வெள்ளைப் படிவமாகப் படிந்து, சில நாட்களில் பறவை சாகும். ஒரே பிணத்தைக் கூட்டமாகத் தின்பதால் ஒரு மாடு பல பறவைகளைக் கொல்லும். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் இனத்துக்கு இது ஈடுகட்ட முடியாத இழப்பு.

கால்நடைக்கு டைக்ளோஃபினாக் 2006இல் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பி மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால், 2015இல் ஒரு குப்பிக்கு 3 மி.லி. என்று குறைத்தார்கள். கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளும் கால்நடைக்கு 2023இல் தடையாயின.

இவற்றுக்குப் பதிலாக, மருத்துவரிடம் பாறுவுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைக் கேளுங்கள். மாட்டின் எடையில் கிலோவுக்கு 0.5 மி.கி. அளவு. டால்ஃபெனாமிக் அமிலமும் பாறுவுக்குப் பாதுகாப்பானதே. பெட்டியில் வணிகப் பெயரை மட்டும் பார்க்காமல், கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: செத்த மாட்டைக் காட்டோரம் போடலாமா?

பதில்: என்ன ஊசி போட்டது என்று தெரியாவிட்டால் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். மாட்டை அடித்த புலியைப் பழிவாங்க பிணத்தில் நஞ்சு தடவுவது குற்றம். முதலில் இறங்கிச் சாவது பாறுதான். புலி அடித்திருந்தால் பிணத்தைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லி இழப்பீடு கேளுங்கள்.