எடை குறைக்க ஜிம்மில் சேரும் புதியவர் ட்ரெட்மில்லில் மட்டும் நடந்தால் போதுமா?

80 கிலோ இருக்கிறேன், இதுவரை ஜிம் பக்கமே போனதில்லை, தினமும் ஒரு மணி நேரம் ட்ரெட்மில்லில் நடந்தால் போதுமா, வெயிட் தூக்கினால் உடம்பு இன்னும் பெருத்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடை மட்டும் போதாது. வெயிட் தூக்கினால் பெருக்கவும் மாட்டீர்கள். முதல் வாரத்திலிருந்தே வெயிட் பக்கம் போங்கள் என்பதுதான் என் பதில்.

சாப்பாட்டைக் குறைத்துவிட்டு நடை மட்டும் நடந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். எடை இறங்கும், கூடவே பலமும் போய்விடும். வெயிட் பயிற்சி செய்தால் தசை பெருமளவு தங்கும், கரைவதில் அதிகம் கொழுப்பாக இருக்கும். எடையைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குத்தான். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. உங்கள் எடைக்கு அரை மணி நேர வேக நடையில் செலவாவது சுமார் 170 கலோரி. வரும் வழியில் டீக்கடையில் இரண்டு மெதுவடை சாப்பிட்டால் கணக்கு தீர்ந்தது.

அதற்காகச் சோற்றை அடியோடு நிறுத்த வேண்டாம். அளவைக் குறைத்து, அந்த இடத்தில் காய்கறியும் புரதமும் வையுங்கள். ஒரு கிலோ எடைக்கு தினம் 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. உங்களுக்கு அது 66 கிராம். வெயிட் தூக்கும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. அதனால் முட்டை, பருப்பு, சுண்டல், தயிர், மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போங்கள். லெக் பிரஸ் (காலால் தள்ளுவது), செஸ்ட் பிரஸ் (நெஞ்சுக்கு முன்னால் கையால் தள்ளுவது), லேட் புல்டவுன் (மேலிருந்து கம்பியைக் கீழே இழுப்பது), ரோயிங் (துடுப்புப் போடுவதுபோல் இழுப்பது), பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலை நேராகத் தாங்குவது). மெஷின்களில் 12 தடவை செய்வது ஒரு செட், அப்படி இரண்டு செட். கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் முதுகு வளையக் கூடாது. அது சுலபமானதும் எடையைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அப்புறம் 20 நிமிடம் நடை, கைப்பிடியைப் பிடிக்காமல்.

முதல் நாளே புதியவரை நூறு ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது) போட வைக்கும் டிரெய்னர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு, தானாகப் போய்விடும். மூட்டில் சுருக்கென்று குத்தினால் நிறுத்திவிடுங்கள். கடும் வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது.

ரெயின்கோட், இடுப்பு பெல்ட் கட்டி வியர்ப்பதில் போவது தண்ணீர் மட்டுமே. ஃபேட் பர்னர் மாத்திரையை யார் விற்றாலும் வாங்காதீர்கள். எடை மெஷினை வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். தொடக்கத்தில் தசை நீரைப் பிடித்துவைப்பதால் முள் அசையாமல் நிற்கலாம். இடுப்பை டேப்பில் அளந்து வாருங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

பிபி, சுகர், நெஞ்சு வலி எது இருந்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள். ஜிம்மில் வருடச் சந்தாவுக்குத் தள்ளுபடி சொல்வார்கள், ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். முடிந்தால் மாலைக் கூட்டத்தைத் தவிர்த்து மற்ற நேரத்தில் போங்கள், டிரெய்னருக்கு உங்களைக் கவனித்துத் திருத்த நேரம் கிடைக்கும்.