கத்திரி வெயிலில் கிண்டிக் காட்டுக்குள் தனியாக நடக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 61, வேளச்சேரியில் வசிக்கிறேன். கோடையில் கிண்டிக் காட்டுக்குள் காலை வேளையில் தனியாக நடக்க ஆசை. ‘சிறப்பு அனுமதி’ வாங்கித் தருவதாக ஒருவர் ரூ.1,500 கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. சீட்டு வாங்கி நுழையக்கூடியது சிறுவர் பூங்கா மட்டுமே. அதையொட்டி ஏறத்தாழ 270 ஹெக்டேரில் விரிந்திருப்பது, வெளிமானும் புள்ளிமானும் நரியும் வாழும் தேசியப் பூங்கா. அதற்குள் நுழைவதற்கான அனுமதியை, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோதான் வழங்க முடியும். ஆய்வு, ஒளிப்படம், சுற்றுலா போன்ற நோக்கங்களைச் சட்டம் குறிப்பிடுகிறது. உடற்பயிற்சி நடை அவற்றில் இல்லை.

இடைத்தரகர்கள் முத்திரையும் கையெழுத்தும் இல்லாத ஏதோ ஒரு தாளின் படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். உள்ளே பிடிபடுபவர் நீங்கள்; 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இத்தகைய மீறலுக்கு மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அரசு ரசீது இல்லாத பணத்தைத் திரும்பப் பெறுவதும் கடினம்.

‘பொதுச் சாலை வழியாகக் கடந்து செல்பவருக்கு அனுமதி தேவையில்லை’ என்ற விதிவிலக்கை இவர்கள் அடிக்கடி காட்டுவார்கள். அது சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் அது பொதுச் சாலைக்கு மட்டுமே உரியது. வனப் பணியாளர்கள் ரோந்து போகும் மண்பாதையோ, சுற்றுச்சுவரின் உடைப்பு வழியே தேய்ந்த ஒற்றையடித் தடமோ பொதுச் சாலை ஆகாது. சாலையில் போகிறவர் அதைவிட்டு இறங்கி மரநிழலில் உட்கார்ந்தாலும் அந்த விலக்கு அவரைக் காக்காது.

தனியாக நடப்பது குறித்தும் ஒரு சொல். கத்திரியில் மரநிழல் இருந்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். அடர்ந்த புதர்க்காடு காற்றைத் தடுப்பதால், சென்னையின் புழுக்கத்தில் வியர்வை உலராது. உடல் சூடு இறங்காது. கடற்காற்றும் பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் எழும். எங்கே நடந்தாலும் எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

காட்டைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், நோக்கத்தையும் தேதியையும் எழுதி வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் நீங்களே விண்ணப்பித்து, ஒப்புகை பெறுங்கள். யாரிடம், எந்தப் படிவத்தில், என்ன கட்டணத்தில் என்பதை வனத்துறை வாயிலிலேயே தமிழில் பெரிதாக எழுதி வைத்தால் தரகருக்கு வேலையே இருக்காது. இந்த எளிய காரியத்தைச் செய்வதில் அப்படி என்னதான் தடையோ! பதில் வராவிட்டால், விண்ணப்பத்தின் நிலையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ரூ.10 கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாட்களுக்குள் அந்த அலுவலகம் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.